மனு எழுதித் தந்த ஏஐ, கேட்க மறந்த கேள்வி

கேள்வி: அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. பட்டாவை அம்மா பெயருக்கு மாற்ற தாசில்தாருக்கு ஒரு மனு வேண்டும் என்று ஏஐ சாட்டில் கேட்டேன். அழகாக எழுதிக் கொடுத்தது. நடுவில் ஒரு அரசாணை எண்ணும் தேதியும் போட்டிருக்கிறது. அப்படியே கொடுக்கலாமா?
- வாசகி, திருவாரூர்

பதில்: அந்த அரசாணை வரியை முதலில் அடித்துவிடுங்கள். அரசின் இணையதளத்தில் நீங்களே தேடி, ஆணையைத் திறந்து, அது பட்டா மாற்றம் பற்றியதுதான் என்று படித்துப் பார்த்தால் மட்டும் சேருங்கள். இது எங்கோ பார்த்து எடுத்துக் கொடுத்த எண்ணாக இருக்க வேண்டும் என்றில்லை. இந்த இடத்தில் அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கணித்து எழுதுகிற கருவி அது, அரசாணை போலத் தோற்றமளிக்கும் ஒன்றை அதனால் சுலபமாக எழுதிவிட முடியும். தங்கை மகள் கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு குறள் கேட்டேன், எண்ணோடு கொடுத்தது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. சீர் எண்ணிப் பார்த்தால் இரண்டாவது அடியில் ஐந்து. குறளில் அங்கே மூன்று சீர்தானே!

சரியா என்று அதனிடமே கேட்டும் பயனில்லை. நியூயார்க்கில் ஒரு வழக்கறிஞர் சாட்ஜிபிடி சொன்ன தீர்ப்புகள் நிஜமா என்று அதனிடமே கேட்டார், ஆமாம் என்றது. அவற்றில் ஆறு இல்லாத வழக்குகள். 2023 ஜூனில் நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் போட்டது.

ஆனால் எனக்கு அரசாணையை விடப் பெரிய கவலை வேறு. உங்களுக்கு உடன்பிறந்தவர்கள் உண்டா என்று அது கேட்டதா? இந்துக் குடும்பமாக இருந்து, அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால், 1956 வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவோடு பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு, அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் அவருக்கும். அம்மா பெயருக்கு மட்டும் என்றால் மற்றவர்கள் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிவு செய்து தரவேண்டி வரும். இதை இ-சேவை மையத்துக்குப் போகும் முன் பத்திர எழுத்தரிடமோ வக்கீலிடமோ கேட்டுவிடுங்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மூலப் பத்திரம் கையில் இருக்கட்டும்.

மற்றபடி மனுவின் நடை, வரிசை, பிழை திருத்தம் எல்லாவற்றுக்கும் தாராளமாக அதைப் பயன்படுத்துங்கள். மனு எழுத யாரையும் கெஞ்ச வேண்டாம் என்பதே எவ்வளவு பெரிய விஷயம்! ஆதார் எண்ணை மட்டும் அதில் தட்ட வேண்டாம், அச்செடுத்த பிறகு பேனாவால் எழுதிக்கொள்ளலாம்.

கேள்வி: அம்மாவின் சுகர் ரிப்போர்ட்டைக் காட்டினால் மாத்திரை அளவு சொல்லுமா?
- வாசகர், சேலம்

பதில்: சொல்லும், கேட்காதீர்கள். ஹெச்பிஏ1சி என்றால் கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி என்று புரியவைக்கும், அதற்கு நல்லது. அப்புறம் டாக்டரிடம் கேட்க வேண்டியதை நாலு வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தச் சீட்டை அம்மாவின் மாத்திரை டப்பாவோடு எடுத்துப் போங்கள்.