விருந்தாளியும் பங்காளியும் – துருக்கி பற்றி ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

திருப்பூரில் பின்னலாடைத் தொழிலில் இருக்கிறேன். மெஷின் பார்ப்பதற்காக இஸ்தான்புல் போய்விட்டு வந்தேன். போன இடமெல்லாம் உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். இந்தியா என்றதும் இளைஞர்கள் ஷாருக் கானையும் வயதானவர்கள் ராஜ் கபூரையும் சொன்னார்கள். ஒரு கடைக்காரர் கல்லாவை மகனிடம் விட்டுவிட்டு வந்து எனக்கு வழி காட்டினார். ஆனால் பேச்சு அரசியல் பக்கம் திரும்பினால் அதே ஆட்கள் அமெரிக்கா, கிரேக்கர், அரபுகள், ஆர்மீனியர் என்று ஒருவர் விடாமல் திட்டுகிறார்கள். சிரியாக்காரர்களைப் பற்றி டாக்சி ஓட்டுநர் சொன்னதை எழுதவே கூசுகிறது. 'துருக்கியனுக்குத் துருக்கியனைத் தவிர நண்பன் இல்லை' என்று பழமொழியே வைத்திருக்கிறார்கள். பாகிஸ்தான் மட்டும் சகோதரனாம். 2025 மே மாதச் சண்டையில் துருக்கி பாகிஸ்தான் பக்கம் நின்ற பிறகு, இங்கே நண்பர்கள் துருக்கி ஆப்பிளே வேண்டாம் என்கிறார்கள். டீ கொடுத்த மனிதரை நம்புவதா, அந்தப் பழமொழியை நம்புவதா?

ஆர்., திருப்பூர்

அன்புள்ள ஆர்.,

இரண்டையும் நம்புங்கள். டீ கொடுத்தவர் நடிக்கவில்லை. பழமொழியைச் சொன்னபோதும் மனதிலிருந்துதான் சொன்னார். துருக்கியர் பிறரைப் பார்க்கும் விதம் வெளியிலிருந்து வருபவருக்குக் குழப்பமாகத் தெரிந்தாலும் அதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. எதிரே நிற்பவனுக்கு இந்த மண்ணில் ஏதாவது பாத்தியதை உண்டா என்பதுதான் அந்தக் கணக்கு. இல்லையென்றால் அவன் எந்த நாட்டவனானாலும் எந்த மதத்தவனானாலும் விருந்தாளி. உண்டு என்ற சந்தேகம் எழுந்தாலே அவன் பங்காளி. நம் ஊரில் விருந்தாளிக்குத் தலைவாழை இலை போடுகிற அதே மனிதர்தான் பங்காளியோடு வரப்புக்காகக் கோர்ட் படி ஏறுகிறார்.

இந்தப் பயத்துக்கு ஒரு தேதி உண்டு. 1920 ஆகஸ்ட் 10. முதல் உலகப் போரில் தோற்ற உஸ்மானியப் பேரரசின் மேல் அன்று செவ்ர் ஒப்பந்தம் சுமத்தப்பட்டது. கிழக்கே ஆர்மீனியா, தென்கிழக்கே குர்து சுயாட்சி, இஸ்மிர் கிரேக்க நிர்வாகத்தில், நீரிணைகள் சர்வதேச ஆணையத்தின் கையில், மீதியில் பிரான்சுக்கும் இத்தாலிக்கும் செல்வாக்கு வட்டாரங்கள். துருக்கியருக்கு மிஞ்சியது அனதோலியாவின் நடுப்பகுதியும் கருங்கடல் ஓரமும் இஸ்தான்புல்லும்தான். பிறகு துருக்கிக் குடியரசை நிறுவிய முஸ்தபா கெமால் போரிட்டு அந்த ஒப்பந்தத்தை முறியடித்தார். 1923 ஜூலை 24 அன்று லோசானில் கையெழுத்தான உடன்படிக்கை இன்றைய துருக்கிக்கு எல்லை வகுத்தது. செவ்ர் ஒரு நாள்கூட முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் அந்த வரைபடம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. 1927இல் கெமால் இளைஞர்களை நோக்கிச் சொன்ன உரை ஒவ்வொரு வகுப்பறையிலும் சட்டம் போட்டுத் தொங்குகிறது. உள்ளேயும் வெளியேயும் உனக்குக் கேடு நினைப்பவர்கள் இருப்பார்கள் என்று எச்சரிக்கும் உரை அது. ஆறு வயதிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்த ஒருவரிடம் போய் உலகத்தை நம்பு என்று சொன்னால் என்ன பதில் வரும்?

பியூ ஆய்வு நிறுவனம் 2014இல் துருக்கியில் கருத்துக் கேட்டபோது அமெரிக்கா, ரஷ்யா, சீனா, ஈரான், இஸ்ரேல், சவூதி, ஐரோப்பிய ஒன்றியம் என்று எதுவுமே பாதிப் பேரின் நல்ல அபிப்பிராயத்தைக்கூடப் பெறவில்லை. 2007இல் அமெரிக்காவைப் பற்றி நல்லெண்ணம் வைத்திருந்தவர்கள் 9 சதவீதம். நேட்டோவில் 1952 முதல் அமெரிக்காவுக்குக் கூட்டாளியாக இருக்கும் நாடு இது. அந்தக் கோபத்துக்குக் காரணங்களும் உண்டு: 1964இல் சைப்ரஸ் விவகாரத்தில் அமெரிக்க அதிபர் ஜான்சன் எழுதிய மிரட்டல் கடிதம், 1975இல் அமெரிக்கா போட்ட ஆயுதத் தடை, 2003 ஜூலை 4 அன்று ஈராக்கின் சுலைமானியாவில் துருக்கி வீரர்களின் தலையில் அமெரிக்கப் படை பையை மாட்டி இழுத்துச் சென்றது. இந்தக் கடைசி அவமானத்தைப் பற்றி டீக்கடையில் பேச்செடுத்துப் பாருங்கள், வலதுசாரியும் இடதுசாரியும் ஒரே குரலில் பேசுவார்கள்.

இனி, அவர்கள் நேசிப்பவர்களைப் பாருங்கள். கொரியப் போருக்கு 1950இல் துருக்கி சுமார் 5,000 பேர் கொண்ட படைப்பிரிவை அனுப்பியது. பூசானில் உள்ள ஐ.நா. கல்லறையில் 460க்கும் மேற்பட்ட துருக்கி வீரர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். கொரியர்களை இரத்த சகோதரர்கள் என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். 2002 உலகக் கோப்பைக் கால்பந்தில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் துருக்கி 3–2 என்று கொரியாவை வென்றது. ஆட்டம் முடிந்ததும் இரு அணியினரும் கைகோத்து மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். ஜப்பான் கதை இன்னும் பழையது. 1890 செப்டம்பரில் எர்துருல் என்ற உஸ்மானியப் போர்க்கப்பல் குஷிமோட்டோ அருகே பாறையில் மோதி மூழ்கியது. 500 பேருக்கு மேல் இறந்தார்கள். பிழைத்த 69 பேரை அந்த மீனவக் கிராமத்தார் தங்களிடம் இருந்ததைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். 1985 மார்ச்சில் ஈரான்–ஈராக் போரின்போது தெஹ்ரானில் சிக்கிய 215 ஜப்பானியரைத் துருக்கி விமானம் ஏற்றிக்கொண்டு வந்தது. 95 ஆண்டு கழித்து அடைத்த கடன் என்றுதான் அதை அங்கே சொல்வார்கள்.

முதல் உலகப் போரில் களமான கலிப்பொலியையும் நினைத்துப் பாருங்கள். 1915இல் ஆஸ்திரேலியரும் நியூசிலாந்துக்காரரும் அந்தக் கரையில் இறங்கியது நாட்டைப் பிடிக்கத்தான். ஆனாலும் 1985இல் துருக்கி அரசு அந்தக் குடாவுக்கு அன்சாக் என்ற அந்தப் படையின் பெயரையே அதிகாரபூர்வமாகச் சூட்டியது. எதிரியாக வந்தவன் திரும்பிப் போய்விட்டான், பிறகு ஒருநாளும் பங்கு கேட்டு வரவில்லை. அதனால் அவனுக்கு மரியாதை.

கிரேக்கர், ஆர்மீனியர் விஷயத்தில் இது நடக்காது. அவர்கள் அந்த மண்ணில் துருக்கியருக்கு முன்பிருந்தே வாழ்ந்தவர்கள். 1923 மக்கள் பரிமாற்றத்தின் கணக்கில் ஏறத்தாழ 12 லட்சம் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், நாலு லட்சம் அளவில் முஸ்லிம்கள் துருக்கிக்கும் என்று ஆனது. பிரித்தது மதத்தை வைத்துத்தான். அதனால் துருக்கி மொழி மட்டுமே பேசத் தெரிந்த கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், கிரேக்கம் மட்டுமே தெரிந்த கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அய்வாலிக் பக்கத்தில் இருக்கும் ஜுண்டா தீவில் கிரீட்டிலிருந்து வந்த குடும்பம் ஒன்றின் வீட்டில் சாப்பிட்டேன். ஆலிவ் எண்ணெயில் வதக்கிய காட்டுக்கீரை. வீட்டுப் பாட்டி கோபம் வந்தால் கிரேக்கத்தில்தான் திட்டுவார் என்று பேரன் சொன்னான். கொஞ்ச நேரத்தில் அதே பேரன், ஏஜியன் தீவுகளைக் கிரேக்கம் எப்படி ஆயுதமயமாக்குகிறது என்று மேஜையைத் தட்டிப் பேசினான். இரண்டிலும் அவனிடம் பொய் இல்லை.

ஆர்மீனியரைப் பற்றிப் பேசும்போது மேஜையைத் தட்டும் சத்தம்கூட எழுவதில்லை, பேச்சு நின்றுவிடுகிறது. 1915இல் உஸ்மானிய ஆட்சியில் அவர்களுக்கு நடந்தது இனப்படுகொலை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. துருக்கி அரசு அதை மறுக்கிறது, பெரும்பாலான மக்களும் அப்படியே நம்ப வளர்க்கப்பட்டிருக்கிறார்கள். ஒப்புக்கொண்டால் அடுத்தது நிலம் கேட்பார்கள் என்பதுதான் அடியில் கிடக்கும் பயம். அஜர்பைஜான் மட்டும் பக்கத்தில் இருந்தும் பல கருத்துக்கணிப்புகளில் முதல் நண்பனாக வருவதற்குக் காரணமும் இதுதான்: மொழி உறவு உண்டு, பங்குரிமை கிடையாது.

உங்கள் டாக்சி ஓட்டுநருக்கு வருவோம். சிரியர்கள் 2011இல் வரத் தொடங்கியபோது அரசு அவர்களை விருந்தாளிகள் என்றே அழைத்தது. அதை வெறும் பசப்பு என்று நான் சொல்லமாட்டேன். எல்லை ஊர்களில் எத்தனையோ குடும்பங்கள் தங்கள் வீட்டு அறையை ஒழித்துக் கொடுத்தன. ஆனால் விருந்தாளி என்றால் திரும்பிப் போகவேண்டும். 1951 அகதிகள் சாசனத்தில் கையெழுத்திட்ட துருக்கி, ஐரோப்பாவிலிருந்து வருபவர்களை மட்டுமே அகதியாக ஏற்பேன் என்ற வரம்பை இன்றுவரை எடுக்கவில்லை. சிரியருக்குக் கிடைத்தது தற்காலிகப் பாதுகாப்பு. எண்ணிக்கை 37 லட்சம்வரை போனது. வாடகை ஏறியது, பணத்தின் மதிப்பு சரிந்தது, தையல் கூடங்களில் பாதிக் கூலிக்குச் சிரியச் சிறுவர்கள் உட்கார்ந்தார்கள். தொழில் உங்களுடையதுதான், அங்கே என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். லாபம் பார்த்தவர் முதலாளி, அடி வாங்கியவர் சிரியர். 2021 ஆகஸ்டில் அங்காராவின் அல்டின்தாவிலும், 2024 ஜூன் 30 இரவு கெய்சேரியிலும் அவர்களின் கடைகளையும் வீடுகளையும் கும்பல் உடைத்தது. விருந்தாளி பங்காளியாகி விட்டான் என்ற நினைப்புதான் அந்தக் கல்லை எறிந்தது. முதல் உலகப் போரில் அரபுகள் எங்களை முதுகில் குத்தினார்கள் என்ற பழைய மனக்குறையும் அதற்குத் துணைக்கு வந்தது. அப்போது சிரியாவின் அலெப்போவில் பிறந்தே இராத குழந்தைகளின் மேல் அந்தக் கணக்கைத் தீர்ப்பது கொடுமை. இதை அங்கேயும் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன்.

இந்தப் பார்வை மாறாத ஒன்றும் அல்ல. 1999 ஆகஸ்ட் 17 பூகம்பத்தில் இஸ்மித் பகுதியில் 17,000க்கும் அதிகமானோர் இறந்தபோது கிரேக்க மீட்புக் குழு வந்து இடிபாடுகளைத் தோண்டியது. மூன்று வாரத்தில் ஏதென்ஸ் குலுங்கியது. துருக்கியர் உதவிக்கு ஓடினார்கள். அந்த ஆண்டு ஏஜியனின் இரு கரையிலும் மாறிய மனநிலையைத் தலைவர்கள் உருவாக்கவில்லை, பின்னால்தான் வந்தார்கள். 2007 ஜனவரி 19 அன்று ஆர்மீனியப் பத்திரிகையாளர் ஹிராந்த் தின்க் இஸ்தான்புல்லில் அவருடைய அலுவலக வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய இறுதி ஊர்வலத்தில் சுமார் ஒரு லட்சம் பேர் 'நாங்கள் எல்லோரும் ஆர்மீனியர்' என்ற அட்டையைப் பிடித்து நடந்தார்கள். நடந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் துருக்கியர். அந்தச் சொற்றொடரை அந்த நகரத்தில் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்பது அங்கே கொஞ்ச காலம் இருந்தவருக்குத்தான் தெரியும்.

கடைசியாகப் பாகிஸ்தான். 1912 பால்கன் போரில் டாக்டர் அன்சாரி தலைமையில் இந்தியாவிலிருந்து மருத்துவக் குழு துருக்கிக்குப் போனது. 1919க்குப் பிறகு, துருக்கியின் கலீபா பதவியைக் காக்க இந்திய முஸ்லிம்கள் நடத்திய கிலாபத் இயக்கம் பணம் திரட்டி அனுப்பியது. காந்தி அதை ஆதரித்தார். அந்தப் பணத்தின் ஒரு பகுதிதான் 1924இல் கெமால் தொடங்கிய இஷ் வங்கியின் மூலதனத்துக்குப் போனது. அதற்காக நகை கழற்றிக் கொடுத்த பெண்களைப் பற்றித் துருக்கியில் இன்றும் நன்றியோடு பேசுகிறார்கள். ஆனால் 1947க்குப் பிறகு அந்த நன்றி முழுவதும் பாகிஸ்தான் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. அங்காராவில் ஜின்னா பெயரில் பெரிய சாலை இருக்கிறது. நம்முடைய பங்கு அவர்களுக்கு யாராலும் சொல்லப்படவில்லை, நாமும் சொல்லவில்லை. 2023 பிப்ரவரி பூகம்பத்தில் நம் பேரிடர் மீட்புப் படையும் இஸ்கெண்டெருனில் ராணுவ மருத்துவமனையும் போய் நின்றதை அவர்கள் பாராட்டினார்கள். இரண்டாண்டு கழித்து அவர்களின் அரசு எடுத்த நிலைப்பாடு எனக்கும் கசக்கிறது. அந்த அரசின் மேல் உங்களுக்குள்ள கோபம் நியாயமானது, ஆப்பிள் வாங்காமல் இருப்பதும் உங்கள் உரிமை.

ஆனால் உங்களுக்கு மெஷின் காட்டியவரோடு தொடர்பை அறுத்துவிடாதீர்கள். அடுத்த முறை அவர் பாகிஸ்தான் சகோதரர்களின் தங்க வளையலைப் பற்றிச் சொன்னால், கிலாபத் இயக்கம் நம் வாணியம்பாடியிலும் நடந்தது என்று சொல்லுங்கள். வரைபடத்தை எடுத்து அது எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். அவர் நிச்சயம் இன்னொரு டீ சொல்வார், பிறகு நிறையக் கேள்வி கேட்பார்.