ஜெபத்தில் அனல் குறைந்தால் அது விசுவாசத்தில் பின்மாற்றமா?

கேள்வி: எனக்கு வயது 36. தூத்துக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். கணவர் மஸ்கட்டில் வேலை செய்கிறார். இரண்டு பிள்ளைகள், சர்க்கரை நோயுள்ள மாமியாரும் என்னோடுதான் இருக்கிறார். கல்லூரி நாட்களில் ஒரு கன்வென்ஷன் என்னும் நற்செய்திக் கூட்டத்தில் என்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்தேன். அதன்பின் அதிகாலை நான்கு மணிக்கே எழுந்து ஜெபிப்பேன். வாலிபர் ஐக்கியம், வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி), முழு இரவு ஜெபம் எதையும் விட்டதில்லை. தெருவில் பார்வை மங்கிய பாட்டி ஒருவருக்கு வேதம் வாசித்துக் காட்டியதும் உண்டு. இப்போது வேதத்தைத் திறந்தால் வெறும் எழுத்துதான் தெரிகிறது. ஜெபம் வாய்ப்பாடமாகிவிட்டது. ஆராதனையில் மற்றவர்கள் கண்ணீர்விடும்போது நான் கடிகாரத்தைப் பார்க்கிறேன். "மறைவான பாவம் ஏதோ இருக்கிறது" என்கிறார் நாத்தனார். 21 நாள் உபவாசம் இருக்கலாமா? வேறு சபைக்குப் போனால் பழைய அனல் திரும்புமா? பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளராகும்படி குருவானவர் கேட்கிறார். ஏற்றுக்கொண்டால் உற்சாகம் தானாக வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கணவர், பிள்ளைகள், மாமியார், நாத்தனார், குருவானவர் என்று எல்லோரைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தூக்கத்தைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. மருத்துவமனையில் இரவுப் பணியும் உண்டுதானே? இரவெல்லாம் வார்டில் நின்றுவிட்டு வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மாமியாருக்கு நேரத்துக்குச் சாப்பாடும் மாத்திரையும் கொடுத்துவிட்டு நீங்கள் எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? மறைவான பாவத்தைத் தேடுவதற்கு முன் இதற்குப் பதில் தேடுவோம்.

எலியா தீர்க்கதரிசி கர்மேல் மலையில் பாகாலின் தீர்க்கதரிசிகளுக்கு எதிராகப் பெரும் வெற்றி கண்டவர். அடுத்து அரசி யேசபேலின் மிரட்டல் வந்ததும் வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டார் (1 இராஜாக்கள் 19). கர்மேலைப் பற்றிப் பிரசங்கிக்காத கன்வென்ஷன் இல்லை. சூரைச்செடியைப் பற்றித்தான் அதிகம் கேட்க முடிவதில்லை. அங்கே எலியாவை யாரும் கடிந்துகொள்ளவில்லை. தூங்குகிறார். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கிடைக்கின்றன. சாப்பிட்டு மறுபடியும் தூங்குகிறார், மறுபடியும் சாப்பிடுகிறார். பயணம் வெகுதூரம் என்பதுதான் தூதன் சொன்ன காரணம். "இங்கே உனக்கு என்ன காரியம்?" என்று ஆண்டவர் கேட்பது, எலியா நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான்.

ஆகவே உங்களையே ஒன்று கேட்டுப் பாருங்கள். ஜெபம் மட்டும்தான் ருசிக்கவில்லையா, அல்லது பிடித்த மீன்குழம்பு, பிள்ளைகளின் சேட்டை, கணவரின் வீடியோ அழைப்பு எல்லாமே அப்படித்தான் இருக்கின்றனவா? எல்லாமே என்றால் இது ஆவிக்குரிய சிக்கல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் ஒரு பெண்ணை எப்படிச் சோர்த்துப்போடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்கு இரத்தப் பரிசோதனை செய்து எத்தனை நாளாயிற்று? அதில் காரணம் எதுவும் தெரியாமல் இந்த வெறுமை வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று சொல்கிறவர்கள், இரத்த அழுத்தத்துக்கு மட்டும் வேளை தவறாமல் சாப்பிடுகிறார்கள்.

நாத்தனாருக்கு, துன்பத்தில் கிடந்த யோபுவிடம் உன் பாவமே காரணம் என்று வாதாடிய அவருடைய நண்பர்களை நினைவூட்டலாம். அவர்கள் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தவரை நன்றாகத்தான் இருந்தார்கள். உங்கள் மனசாட்சி ஒரு குறிப்பிட்ட காரியத்தைச் சுட்டிக்காட்டினால் அதை அறிக்கையிட்டுச் சரிசெய்யுங்கள். எதுவும் தோன்றாதபோது, இருக்கவேண்டும் என்பதற்காகக் குற்றம் தேடிக் குடைந்துகொண்டிருக்காதீர்கள்.

ஜெபம் மட்டும்தான் இப்படி இருக்கிறது என்றால், நீங்கள் ஏற்கெனவே மனதில் நினைத்துக்கொண்டிருக்கும் வசனத்துக்கே வருகிறேன். "ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய்" என்று எபேசு சபைக்குச் சொல்லப்பட்டது, வெளிப்படுத்தல் இரண்டாம் அதிகாரத்தில். இந்த வசனத்தை வைத்து நம்மை அழவைக்கும் பிரசங்கியார்கள் அடுத்த வசனத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அங்கே கொடுக்கப்படும் கட்டளை "ஆதியில் செய்த கிரியைகளைச் செய்வாயாக" என்பது. பழைய உணர்ச்சியை வரவழைத்துக்கொள் என்று யாருக்கும் கட்டளையிட முடியாது. செய்ததைச் செய் என்று சொல்ல முடியும். இத்தனைக்கும் எபேசு சபையார் சோம்பேறிகள் இல்லை. அவர்களுடைய பிரயாசமும் பொறுமையும் அதே கடிதத்தில் பாராட்டப்படுகின்றன. கூட்டமும் ஓட்டமும் குறையாமல் இருக்கும்போதே அன்பு கைநழுவ முடியும் என்றுதானே ஆகிறது?

உங்கள் ஆதிக் கிரியை எது? நான்கு மணி ஜெபத்தையும் முழு இரவு ஜெபத்தையும் முதலில் எழுதினீர்கள். பாட்டிக்கு வேதம் வாசித்ததை "உண்டு" என்று ஒரு சொல்லில் முடித்துவிட்டீர்கள். எனக்கென்னவோ அதுதான் கடிதத்திலேயே உயிருள்ள வரியாகப் படுகிறது. அங்கே மேடை இல்லை, மைக் இல்லை, சாட்சி சொல்ல வாய்ப்பும் இல்லை. அந்தப் பாட்டி இன்று இல்லாமல் இருக்கலாம். ஆனால் மாமியார் வீட்டிலேயே இருக்கிறார். உங்களுக்காக வாசிக்கும்போது எழுத்தாகத் தெரிகிற சங்கீதத்தை அவருக்காக உரக்க வாசித்துப் பாருங்கள். 120 முதல் 134 வரையுள்ள ஆரோகண சங்கீதங்களில் பெரும்பாலானவை இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்; குடும்ப ஜெபத்துக்கு அது போதும். சின்னவனோ சின்னவளோ கொட்டாவி விட்டால் விடட்டும்.

நான்கு மணி ஜெபத்தை விட்டுவிடுங்கள். அது விடுதியில் தங்கிப் படித்த மாணவிக்கு ஏற்ற நேரம். நான்கு மணிக்கு நோயாளியின் இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அல்ல. "வாய்ப்பாடமாகிவிட்டது" என்று வருந்துகிறீர்களே, அதில் நான் உங்களோடு உடன்படவில்லை. எழுப்புதல் கூட்டங்களில் மனப்பாட ஜெபத்தைக் கிண்டல் செய்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் அப்போஸ்தலர் காலத்தை அடுத்து எழுந்த டிடாக்கே என்ற சபை ஒழுங்கு நூல், கர்த்தருடைய ஜெபத்தை ("எங்கள் பிதாவே" ஜெபம்) நாளுக்கு மூன்று முறை சொல்லும்படி கூறுகிறது. சொந்தமாக வார்த்தை வராத நாளில் சபை உங்களுக்குக் கடன் கொடுத்த வார்த்தைகள் அவை. பணிக்குள் நுழையும்போது ஒரு முறை, நடுவில் கை கழுவும்போது ஒரு முறை, பஸ்ஸில் திரும்பும்போது ஒரு முறை சொல்லுங்கள். உருக்கம் வந்ததா என்று ஒவ்வொரு தடவையும் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

அன்னை தெரேசா 1997இல் மறைந்தார். 2007இல் அவருடைய தனிப்பட்ட கடிதங்கள் புத்தகமாக வெளிவந்தபோதுதான், பல பத்தாண்டுகள் கடவுளின் அருகாமையை உணராமலேயே அவர் பணி செய்தார் என்று உலகம் அறிந்தது. அவர் அதை வெளியே காட்டாமல் சிரித்துக்கொண்டிருந்தார் என்று எல்லோரும் வியந்தார்கள். எனக்கு முக்கியமாகத் தெரிவது வேறு: அந்த இருட்டைத் தம் ஆன்மிக வழிகாட்டிகளிடம் அவர் எழுதிக்கொண்டே இருந்தார். அதனால்தான் அந்தக் கடிதங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. நம் சபைகளில் அப்படிச் சொல்ல இடமில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். சுகம் கிடைத்தவரும் கடன் அடைந்தவரும் எழுந்து சாட்சி சொல்கிறார்கள்; ஜெபிக்க முடியவில்லை என்று ஒருவர் எழுந்தால் உடனே தலையில் கைவைத்து ஜெபிக்க ஆள் கூடிவிடும். உங்களைத் திருத்த முனையாமல் கேட்கக்கூடிய ஒரே ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். முதல் ஆளாகக் கணவரிடமே சொல்லலாம். மஸ்கட்டில் தனி அறையில் அவருக்கும் இதே நிலை இருக்காது என்று யார் கண்டது?

21 நாள் உபவாசம் இப்போது வேண்டாம். மருந்தின் அளவு பார்த்து ஊசி போடுகிற கை நடுங்கக்கூடாது. விருப்பமிருந்தால் விடுமுறை நாளில் ஒருவேளை உணவை விடுங்கள், உடல் இடம் கொடுத்தால்.

சபை மாறுவது பற்றி: நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியஸ் என்ற துறவி, இந்தச் சோர்வை மத்தியானத்துப் பேய் என்று அழைத்தார். அது பிடித்த துறவி, ஒன்பதாம் மணி (நம் கணக்கில் பிற்பகல் மூன்று மணி, சாப்பாட்டு வேளை) எப்போது வரும் என்று சூரியனையே பார்ப்பாராம். யாராவது வருகிறார்களா என்று வெளியே எட்டிப் பார்ப்பார். இங்குள்ள சகோதரர்களிடம் அன்பே இல்லை, வேறிடம் போனால் எல்லாம் எளிதாக இருக்கும் என்று தோன்றுமாம். நீங்கள் கடிகாரத்தைப் பார்த்ததும் எனக்கு இவர் நினைவு வந்தது. சொந்த அறையை விட்டு ஓடாதே என்பது அவர் தந்த மருந்து. காணிக்கைக்காக மிரட்டுகிற சபையிலோ, பெண்களுக்குப் பாதுகாப்பில்லாத சபையிலோ ஒருநாளும் இருக்கவேண்டாம். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை. சோர்வு மட்டும்தான் காரணம் என்றால், அது புதுச் சபையின் கிட்டார் சத்தத்தில் சில மாதம் அடங்கியிருந்துவிட்டு மறுபடியும் தலைகாட்டும்.

கடைசியாக, செயலாளர் பதவி. பொறுப்பு வந்தால் உற்சாகம் வரும் என்று சொல்லித்தான் நாம் எல்லா ஆண்டும் ஆள் பிடிக்கிறோம். உங்களுக்கு வரப்போவது கூட்டக் குறிப்பேடும் சந்தாக் கணக்கும் அசனப் பண்டிகை என்னும் சபை விருந்துக்கு அரிசி வாங்கிய ரசீதும்தான். குருவானவரிடம் இந்த ஆண்டு முடியாது என்று நேரடியாகச் சொல்லுங்கள். அவர் வருத்தப்பட்டால் வருத்தப்படட்டும். சொல்லிவிட்டு, நீங்கள் இரவுப் பணி முடித்து வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியாரையும் பிள்ளைகளையும் ஆலயத்துக்கு அழைத்துப்போகப் பெண்கள் ஐக்கியத்தில் யாராவது வர முடியுமா என்று கேளுங்கள். செயலாளரைத் தேடுகிற சங்கத்தில், ஆட்டோ பிடித்து வர ஒருவர்கூடவா இல்லாமல் போய்விடுவார்?