அரைப்பென்னிப் பிரபு: கேள்வியும் பதிலும்

ஹட்டனில் மாதந்தோறும் கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில், டெய்லி மெயில் நாளேட்டை நிறுவிய அல்பிரட் ஹார்ம்ஸ்வொர்த், அதாவது நோர்த்கிளிஃப் பிரபு, பற்றி நான் உரையாற்றியபின் உறுப்பினர்கள் எழுதித் தந்த கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறேன்.

அவர் செல்வந்தர் வீட்டுப் பிள்ளையா? (மஸ்கெலியா, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

இல்லை, ஐயா. 1865இல் டப்ளினுக்கு அருகே பிறந்தார். தந்தை வருமானம் குன்றிய வழக்கறிஞர், பிள்ளைகளோ பலர்.

பரபரப்பு வித்தையை அவர் எங்கே பழகினார்? (பண்டாரவளை, மாணவி)

நாம் இப்போது செய்யும் இதே வேலையில்தான், மகள். 1888இல் அவர் தொடங்கிய வார இதழ், வாசகர் கேள்விகளுக்கு விடை சொல்வதற்கென்றே வெளிவந்தது. மறுஆண்டு, இங்கிலாந்து வங்கியில் குறித்த ஒரு நாளில் இருக்கும் தங்கத்தின் பெறுமதியைச் சரியாக ஊகிப்பவருக்கு ஆயுள் முழுவதும் வாரம் ஒரு பவுண் என்று அறிவித்தார். ஒவ்வொரு விடையிலும் ஐந்து பேர் சாட்சிக் கையொப்பம் இடவேண்டும் என்ற நிபந்தனையில்தான் சூட்சுமம் இருந்தது. ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விடை அனுப்பியபோது, அவர்கள் ஒவ்வொருவரும் சம்பளமில்லாமலே இன்னும் ஐவரிடம் இதழின் பெயரைக் கொண்டுசென்றிருந்தார்கள்.

டெய்லி மெயில் ஏன் அவ்வளவு விற்றது? (நானுஓயா, தபால் ஊழியர்)

1896 மே 4இல் வெளிவந்த முதல் இதழே 397,215 பிரதிகள் விற்றது. மதிப்புமிக்க காலை நாளேடுகள் ஒரு பென்னிக்கு விற்றபோது இதன் விலை அரைப்பென்னி, செய்திகள் சுருக்கமானவை, பெண்களுக்கெனத் தனிப் பகுதியும் தொடர்கதையும் இருந்தன. ஆனால், இங்கிலாந்தின் 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் எழுத்தறிவு பெற்ற ஒரு தலைமுறை அவருக்காகக் காத்திருந்தது என்பதே என் கணிப்பில் முதற்காரணம்.

பொய்யும் எழுதினாரா? (தலவாக்கலை, கடை உரிமையாளர்)

அவருடைய ஏடு எழுதியது. 1900 ஜூலையில், சீனத் தலைநகர் பீக்கிங்கின் தூதரகங்களில் முற்றுகைக்குள்ளான வெளிநாட்டவர் அனைவரும் கொல்லப்பட்டனர் என்று அது வெளியிட்ட செய்தி முழுப்பொய். அதை நம்பி இலண்டன் நாளேடான டைம்ஸ் அஞ்சலிக் குறிப்புகள் வெளியிட்டது. அவற்றுள் ஒன்று, உயிரோடிருந்த அதன் சொந்த நிருபர் மொரிசனுக்கானது! அந்த டைம்ஸையே 1908இல் ஹார்ம்ஸ்வொர்த் வாங்கினார் என்பது வேடிக்கை.

அதிகாரத்தை அவர் எதிர்த்ததே இல்லையா? (ஹப்புத்தளை, தொழிற்சங்க உறுப்பினர்)

எதிர்த்தார். 1915 மே மாதம், முதலாம் உலகப் போர்முனையில் பீரங்கிக் குண்டுகள் பற்றாக்குறையாக இருந்ததற்குப் போர் அமைச்சர் கிச்சனரே பொறுப்பு என்று டெய்லி மெயில் எழுதியதும், இலண்டன் பங்குச் சந்தையில் அதன் பிரதிகளைக் கொளுத்தினார்கள். விற்பனை சரிந்தும் அவர் பின்வாங்கவில்லை. ஹார்ம்ஸ்வொர்த் என்ற மனிதரை எனக்குப் பிடிக்காது. ஆயினும் குண்டுப் பற்றாக்குறை உண்மையாகவே இருந்தது.

நம் மலையகத் தொழிற்சங்கத் தலைவரும் பத்திரிகையாளருமான கோ. நடேசய்யரை இவருடன் ஒப்பிடலாமா? (கொட்டகலை, உறுப்பினர்)

சூடான எழுத்தில் மட்டும் ஒப்பிடலாம். ஹார்ம்ஸ்வொர்த் தேடியது, கையில் அரைப்பென்னி வைத்திருந்த வாசகரை. 1924இல் ‘தேசபக்தன்’ பத்திரிகையைத் தொடங்கிய நடேசய்யரோ, அந்நியர் தேயிலைத் தோட்டத்துக்குள் கால்வைக்க முடியாதிருந்த காலத்தில், தொழிலாளரைச் சந்திக்கப் புடவை வியாபாரி வேடத்தில் அவர்கள் குடியிருந்த லயங்களுக்குள் சென்றவர்.