கிட்டார் சாதகம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கிட்டார் வாங்கி ஆறு மாதங்கள் ஆகின்றன. வார நாட்களில் வேலை நெருக்கடியால் கருவியைத் தொடவே முடிவதில்லை. அதற்கு ஈடுசெய்யும் விதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று மணி நேரம் விடாமல் பயிற்சி செய்கிறேன். ஆயினும் ஒவ்வொரு வாரமும் முதலிலிருந்து தொடங்குவது போலவே இருக்கிறது. எனக்கு இசை வராதோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: அந்த அச்சம் வேண்டாம். நீங்கள் செலவிடும் நேரம் போதுமானது. அதைப் பங்கிடும் முறையை மட்டும் மாற்ற வேண்டும். விரல்களின் நுண்ணிய அசைவுகளை மூளை பதிய வைத்துக்கொள்ளும் வேலை, கருவியைக் கீழே வைத்த பிறகும், குறிப்பாக உறக்கத்தின்போதும் தொடர்ந்து நடக்கிறது. ஒரே நாளில் மூன்று மணி நேரம் வாசித்துவிட்டு ஆறு நாட்கள் விட்டுவிட்டால், அந்தப் பதிவு உறுதிப்படுவதற்குள் மங்கத் தொடங்கிவிடும். அதே நேரத்தை நாளொன்றுக்கு 25 நிமிடங்களாகப் பிரித்துக்கொண்டால், வாரத்தின் ஏழு இரவுகளும் உங்களுக்காக வேலை செய்யும். மேலும், முதல் ஒரு மணி நேரம் கடந்ததும் புதியவரின் கை களைத்து இறுகிவிடுகிறது. இறுகிய கையோடு வாசிக்கும்போது அந்த இறுக்கமும் சேர்ந்தே பழக்கமாகிவிடுகிறது.

25 நிமிடங்கள் கிடைக்காத நாளில் 10 நிமிடங்கள் வாசியுங்கள். அதுவும் கணக்கில் சேரும். கருவியை உறைக்குள் பூட்டி வைக்காமல், கண்ணில் படும் இடத்தில் ஒரு தாங்கியில் நிறுத்தி வையுங்கள். எடுப்பதற்கு எளிதாக இருந்தாலே எடுக்கும் நாட்கள் கூடும்.

உட்கார்ந்ததும் முதலில் சுருதி சேருங்கள். தடித்த தந்தியிலிருந்து மெல்லிய தந்தி வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்ற வரிசையை சுருதியைக் காட்டும் ட்யூனரைக் கொண்டு சரிபார்க்க ஓரிரு நிமிடங்கள் போதும். இதைத் தவிர்ப்பவர்களின் காது, பிசகிய சுருதியையே சரியானது என்று ஏற்றுக்கொள்ளத் தொடங்கிவிடும். பின்னாளில் அதைத் திருத்துவது கடினம். அடுத்து, மனம் தெளிவாக இருக்கும்போதே, அன்றைக்கு உங்களுக்கு மிகக் கடினமான பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே நன்றாக வரும் பாடலைக் கடைசி ஐந்து நிமிடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். முடித்ததும், “சி கார்டிலிருந்து ஜி கார்டுக்குப் போகும்போது மோதிர விரல் தாமதிக்கிறது” (கார்டு என்பது பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடி) என்பது போல ஒரே ஒரு வரியைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். மறுநாள் எங்கே தொடங்குவது என்று தேட வேண்டியிருக்காது.

கேள்வி: கார்டுகளைத் தனித்தனியாகப் பிடித்தால் தெளிவாக ஒலிக்கின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது மட்டும் கை நின்றுவிடுகிறது, தாளமும் அறுந்துபோகிறது. பாடலை எத்தனை முறை திரும்ப வாசித்தாலும் அதே இடத்தில்தான் தடுமாறுகிறேன்.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே காரணம் இருக்கிறது. பாடலை முதலிலிருந்து வாசித்து, தடுமாறும் இடத்தில் தடுமாறி, அப்படியே கடந்து செல்லும் ஒவ்வொரு முறையும் அந்தத் தடுமாற்றத்தையும் சேர்த்தே பயில்கிறீர்கள். சரி எது, பிழை எது என்று விரல்களுக்குத் தெரியாது. அடிக்கடி செய்வதையே அவை பிடித்துக்கொள்ளும். ஆகவே பாடலைச் சில நாட்கள் ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த மாற்றம் ஒன்றை மட்டும் தனியே எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், வாசிக்காமல், இரண்டு கார்டுகளிலும் எந்த விரல் எங்கே இருக்கிறது என்று உற்றுப் பாருங்கள். தந்திகளை மெல்லியதிலிருந்து எண்ணுங்கள்; ஃப்ரெட் என்பது கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி. சி மேஜரில் ஆள்காட்டி விரல் இரண்டாம் தந்தியின் முதல் ஃப்ரெட்டிலும், நடுவிரல் நான்காம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டிலும், மோதிர விரல் ஐந்தாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டிலும் இருக்கின்றன. அங்கிருந்து ஏ மைனருக்குப் போக மோதிர விரலை மட்டும் எடுத்து மூன்றாம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில் வைத்தால் போதும். மற்ற இரண்டு விரல்களும் இருந்த இடத்திலேயே இருக்கலாம். ஆனால் புதியவர்களில் பலர் மூன்று விரல்களையும் தூக்கிவிட்டு மீண்டும் தேடுகிறார்கள். ஜி மேஜரையும் நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் ஆகியவற்றால் பிடித்துப் பழகினால், சி-க்கு மாறும்போது நடுவிரலும் மோதிர விரலும் அதே ஃப்ரெட்டில் இருந்தபடி ஒரு தந்தி மட்டும் கீழே நகரும். இப்படி நகர வேண்டிய தூரத்தைக் குறைப்பதிலேயே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பிறகு ஒரு நிமிடத்தை அளந்து வைத்துக்கொண்டு, அந்த இரு கார்டுகளுக்கிடையே மட்டும் முன்னும் பின்னும் மாறிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் எல்லாத் தந்திகளும் ஒலிக்கின்றனவா என்று கேளுங்கள். வேகத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்காமல் ஒரே நேரத்தில் இறங்கும் அளவுக்கு மெதுவாகச் செய்யுங்கள். அந்த மெதுவான வேகத்தில் கிடைக்கும் துல்லியமே பின்னால் வேகமாக மாறும். ஒரு மாற்றத்தை ஐந்து நிமிடங்களுக்கு மேல் தொடராமல் வேறொன்றுக்குப் போய்விட்டு மீண்டும் அதற்கே வருவது, ஒன்றையே அரை மணி நேரம் இடைவிடாமல் செய்வதைவிட நன்றாக நினைவில் நிற்கும்.

தாளம் அறுவதைப் பற்றியும் ஒரு சொல். பாடலுக்குத் திரும்பும்போது, இடது கை பிந்தினாலும் வலது கையை நிறுத்தாதீர்கள். கார்டு முழுமையாக அமையாவிட்டாலும் ஸ்ட்ரம்மிங் (தந்திகளை மேலும் கீழும் வருடி வாசிப்பது) தொடரட்டும். ஒரு சுரம் மங்கினால் கேட்பவர் பொறுத்துக்கொள்வார். தாளம் நின்றால் பாடலே நின்றுவிடும்.

கேள்வி: விரல் நுனிகள் வலிக்கின்றன. வலியைப் பொறுத்துக்கொண்டு வாசிக்க வேண்டுமா?

பதில்: எஃகுத் தந்திகளில் முதல் சில வாரங்கள் நுனித்தோல் வலிப்பது இயல்பே, தோல் தடித்ததும் அது நின்றுவிடும். தோல் புண்ணாகிவிட்டால் ஒரு நாள் விட்டுவிடுங்கள். மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி ஏற்பட்டால் அது வேறு விஷயம். உடனே நிறுத்துங்கள், தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். பெரும்பாலானோர் தேவைக்கு மேல் அழுத்துகிறார்கள். விரலை ஃப்ரெட்டுக்கு நேர் மேலேயோ நடு இடைவெளியிலோ வைக்காமல், அதை ஒட்டிப் பின்னால் வைத்து, மெல்ல அழுத்தத்தைக் கூட்டுங்கள். அதிர்வு இரைச்சல் நீங்கிச் சுரம் தெளியும் கணத்தில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறதோ, அவ்வளவே போதும்.

கேள்வி: சீரான துடிப்பொலி தரும் மெட்ரோநோமை வைத்து வாசித்தால் உணர்ச்சி போய்விடும் என்று நண்பர் கூறுகிறார். உண்மையா?

பதில்: உங்கள் நண்பரோடு நான் உடன்படவில்லை. சீரான தாளம் கைக்குள் வந்த பிறகே அதை நீட்டவும் குறுக்கவும் ஒருவருக்கு உரிமை வருகிறது. நிமிடத்துக்கு 60 துடிப்புகளில் தொடங்கி, ஒரு கார்டுக்கு நான்கு துடிப்புகள் வீதம் வாசியுங்கள். பிழையின்றித் தொடர்ந்து மூன்று முறை வந்தால் நான்கைந்து துடிப்புகள் கூட்டுங்கள். பிழை வந்தால் தயங்காமல் குறைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பயிற்சியையும் அதனோடு செய்ய வேண்டியதில்லை.

கேள்வி: எஃப் மேஜர் கார்டு வந்ததும் எல்லாரும் கைவிட்டுவிடுவார்கள் என்கிறார்கள். எனக்கும் அது பிடிபடவில்லை. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. ஒரே விரலால் ஆறு தந்திகளையும் அழுத்தும் அந்தப் பிடி, முதல் ஃப்ரெட்டில்தான் மிகக் கடினம். தந்திகள் நட் என்னும் முனைக்கட்டைக்கு மிக அருகில் இருப்பதால் அங்கே விறைப்பாக உணரப்படுகின்றன. அதே வடிவத்தை ஐந்தாம் ஃப்ரெட்டில் பிடித்துப் பாருங்கள். அது ஏ மேஜராக ஒலிக்கும், கையும் எளிதில் ஏற்கும். அங்கே தெளிவான பிறகு நாளுக்கொரு ஃப்ரெட்டாக முதல் ஃப்ரெட்டை நோக்கி இறங்கி வாருங்கள். ஆள்காட்டி விரலின் தட்டையான உட்பகுதியை வைக்காமல், கட்டைவிரல் பக்கமாகச் சற்றே சாய்த்து, எலும்பு உறுதியாக இருக்கும் ஓரத்தை வையுங்கள். அதுவரை பாடல்களில், மெல்லிய நான்கு தந்திகளை மட்டும் ஒலிக்கும் சிறிய எஃப் பிடியைப் பயன்படுத்தலாம். அதில் ஆள்காட்டி விரல் இரண்டு தந்திகளை அழுத்தினால் போதும். எவ்வளவு முயன்றும் ஒலிக்கவில்லையெனில், தந்திகள் ஃப்ரெட்டுகளிலிருந்து அளவுக்கு மீறி உயர்ந்து நிற்கின்றனவா என்று கருவி பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள். குறை உங்கள் கையில் இல்லாமலும் இருக்கலாம்.