கேள்வி–பதில்: லேசர் குமிழியும் நுண்வாய்க்காலும்

கேள்வி: நுண்வாய்க்கால் (சிறு சிப்பில் செதுக்கிய மிகக் குறுகிய நீர்ப்பாதை) நீரில் 532 நானோமீட்டர் பச்சை லேசரைக் குவிக்கிறோம். லேசர் துடிப்பு ஒவ்வொன்றுக்கும் குமிழி வேறு வேறு அளவில் வருகிறது. சில முறை வருவதே இல்லை. ஒடுங்கிய பிறகும் பொடிக் குமிழிகள் தங்கிவிடுகின்றன. லேசரில் கோளாறா?

பதில்: லேசரைக் கழற்ற வேண்டாம். முதலில் நீரைச் சந்தேகியுங்கள்.

தெளிந்த நீரில் நானோவிநாடித் துடிப்பு குமிழி எழுப்ப, குவியத்தில் (ஒளி குவியும் புள்ளியில்) பிளாஸ்மா, அதாவது மின்னேற்றம் பெற்ற சூடான வாயு, உண்டாக வேண்டும். அதற்குத் தேவையான ஆற்றலின் விளிம்பில் நிற்கும்போது, வெடிப்பது பாதி தற்செயல்தான். தூசி ஒன்று குறுக்கே வந்தால் குறைந்த ஆற்றலிலேயே வெடித்துவிடும். எனவே நீரை 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் செலுத்துங்கள். பத்துத் துடிப்புக்குப் பத்துக் குமிழியும் வரும் ஆற்றலைக் கண்டுபிடித்து, அதைவிடச் சற்று மேலே வையுங்கள். அளவு இன்னும் சீராக வேண்டுமென்றால் பச்சை ஒளியை உறிஞ்சும் சிவப்புச் சாயம் கலக்கலாம். அப்போது பிளாஸ்மா தேவையில்லை. நீர் சூடேறி வெடித்துக் கொதிக்கும். ஆனால் சாயம் வெளிறும், மெல்லிய ஓட்டம் இருக்கட்டும்.

தங்கிவிடும் பொடிக் குமிழிகள் காற்று. நீராவி உடனே நீராகிவிடும். குமிழி விரியும்போது, நீரில் கரைந்திருந்து உள்ளே புகுந்த காற்று அப்படித் திரும்பாது, கரைய விநாடிக் கணக்கில் ஆகலாம். அதற்குள் அடுத்த துடிப்பு வந்தால் ஒளி அதில் பட்டுச் சிதறும். உங்கள் இரண்டு தொல்லைகளும் சேரும் இடம் இதுதான். நீரை வெற்றிடத்தில் கலக்கியபடி அரை மணி நேரம் வைத்துக் காற்றை நீக்குங்கள். துடிப்புகளை ஒவ்வொன்றாக விடுங்கள். சிப் சிலிகோன் ரப்பரில் (பி.டி.எம்.எஸ்.) செய்ததென்றால் சுவர் வழியாகவே காற்று திரும்பும், நீண்ட சோதனைக்குக் கண்ணாடிதான் சரி.

கேள்வி: இதைப் படமெடுக்க எவ்வளவு வேகமான கேமரா வேண்டும்?

பதில்: 1917-இல் இயற்பியலாளர் ராலே தந்த சூத்திரம் போதும்: குமிழி ஒடுங்கும் நேரம் = 0.915 × ஆரம் × √(நீரின் அடர்த்தி ÷ அழுத்தம்). 50 மைக்ரோமீட்டர் ஆரத்துக்குச் சுமார் 4.6 மைக்ரோவிநாடி, விரிவும் சேர்த்தால் 9. விநாடிக்கு பத்து லட்சம் படம் எடுத்தாலும் ஒன்பது படம்தான் கிடைக்கும். இது கட்டற்ற நீருக்கான கணக்கு. குறுகிய வாய்க்காலில் ஆயுள் நீளும். குமிழிகள் ஒரே அளவில் வருமானால் சாதாரணக் கேமராவே போதும்: குமிழிக்கு ஒரு படம், மின்வெட்டொளியின் (ஃபிளாஷ்) தாமதத்தை ஒவ்வொரு முறையும் சிறிது கூட்டிக்கொண்டே போகலாம்.

கேள்வி: கண்ணாடியில் புள்ளி விழுகிறதே?

பதில்: குவியம் சுவரை ஒட்டியிருக்கிறது. வாய்க்காலின் நடு ஆழத்துக்கு நகர்த்துங்கள். புள்ளி விழுந்த இடத்தில் இனி எளிதாக வெடிக்கும். அங்கே மறுபடி சுடாதீர்கள்.