பந்தை வைத்து ஆண்களை எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வரவைக்க முடியுமா?

ஃபுட்பால், கிரிக்கெட் என்று விளையாட்டு வழியாக ஆண்களிடம் எச்.ஐ.வி. தடுப்பைக் கொண்டுபோகிறார்களாமே, அது உண்மையில் பலன் தருமா, இல்லை டி-ஷர்ட் கொடுத்து போட்டோ எடுப்பதோடு சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். பலன் தந்த இடமும் உண்டு, பெரிய அளவில் செய்து பார்த்து ஒன்றும் நடக்காத இடமும் உண்டு.

ஆண்கள் ஏன் தனிப் பிரச்சினை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் நம்பிக்கை மையத்தில் ஆலோசகராக இருந்தவன் நான். கர்ப்பிணிகள் எல்லோருக்கும் எச்.ஐ.வி. பரிசோதனை உண்டு என்பதால் பெண்கள் வரிசை எப்போதும் இருக்கும். ஆண்கள் காசநோய்ப் பிரிவிலிருந்து சீட்டு கொடுத்து அனுப்பினால் வருவார்கள், மனைவிக்கு பாசிட்டிவ் என்று தெரிந்தால் வருவார்கள். தானாக வருகிறவர் அபூர்வம். வந்தாலும் வாசலில் நின்றுகொண்டே, "சார், பிரண்டுக்காகக் கேக்கறேன்" என்பார். பல நாடுகளிலும் இதே கதைதான். 2017-ல் ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பான யுஎன்எய்ட்ஸ் ஆண்களைப் பற்றி மட்டுமே ஓர் அறிக்கை வெளியிட்டது. பெண்களைவிட ஆண்கள் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் குறைவாக வருகிறார்கள் என்பதுதான் அதன் சாரம். ஆஸ்பத்திரிக்கு வராத ஆளை அவன் கூடுகிற இடத்தில்தான் பிடிக்க வேண்டும். அதனால்தான் மைதானம்.

இதில் எனக்குப் பிடித்த உதாரணம் ஜிம்பாப்வேயின் புலவாயோ நகரம். அங்கே ஹைலேண்டர்ஸ் கிளப்பில் ஆடிய டாமி கிளார்க், பிறகு டாக்டராகி, நண்பர்களோடு சேர்ந்து 2002-ல் கிராஸ்ரூட் சாக்கர் என்ற அமைப்பைத் தொடங்கினார். அவர்களுடைய பயிற்சியில் ஒரு ஆட்டம் உண்டு. மைதானத்தில் கூம்புகளை நட்டு, ஒவ்வொன்றுக்கும் குடி, ஒரே நேரத்தில் பல துணைகள் என்று ஓர் ஆபத்தின் பெயரை வைப்பார்கள். பந்தை உருட்டிக்கொண்டு அதன் நடுவே போக வேண்டும். கூம்பில் பட்டால் முதல் சுற்றில் தட்டியவன் மட்டும் தண்டால் எடுப்பான். அடுத்த சுற்றில் அவன் அணியே எடுக்க வேண்டும். கடைசிச் சுற்றில் யார் தட்டினாலும் மைதானத்தில் இருக்கும் அத்தனை பேரும் எடுக்க வேண்டும். என் தப்பு என்னோடு நிற்காது என்பதை இதற்கு மேல் லெக்சர் எடுத்து விளக்க வேண்டியதில்லை, கை வலியே சொல்லிவிடும்.

ஆனால் ஆட்டம் ஆடினால் மட்டும் ஆள் மாறிவிடுவானா? அதைத்தான் அவர்கள் புலவாயோவில் ஓர் அறுவை சிகிச்சையை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். ஆணின் முன்தோலை நீக்கினால் (நம் ஊரில் சுன்னத் என்றால் சட்டென்று புரியும்) பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு சுமார் 60 சதவீதம் குறைகிறது என்று தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா ஆய்வுகள் காட்டின. 2007-ல் உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைத்தது. அதற்காக ஆணுறையை விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. சிக்கல் என்னவென்றால், புலவாயோவில் பெரும்பான்மையான ந்டெபெலே மக்களிடம் இந்த வழக்கம் பல தலைமுறைக்கு முன்பே நின்றுபோனது. வளர்ந்த ஆளிடம் போய் இதைக் கேட்டால் என்ன சொல்வான்? வலி, ஆறு வாரம் தாம்பத்தியம் கிடையாது, வேலைக்கு லீவு, போதாததற்கு அங்கே எச்.ஐ.வி. டெஸ்டும் எடுக்கச் சொல்வார்களே என்ற பயம். 2012-ல் தலைநகர் ஹராரேயில் எம்.பி.க்களே கூடாரம் போட்டு செய்துகொண்டு காட்டினார்கள், அவ்வளவு தயக்கம்.

கிராஸ்ரூட் சாக்கர் ஆட்கள் செய்தது ஒரே ஒரு மணி நேர அமர்வு. நடத்தியவர் அந்த அறுவை சிகிச்சையைத் தானே செய்துகொண்ட கோச். எவ்வளவு வலித்தது, எப்போது திரும்ப ஆட வந்தேன் என்று கூச்சமில்லாமல் தன் கதையைச் சொல்வார். 47 அணிகளில் 736 ஆண்களை வைத்துப் பார்த்ததில், அமர்வு நடந்த அணிகளில் 4.8 சதவீதம் பேர் செய்துகொண்டார்கள், நடக்காத அணிகளில் 0.5 சதவீதம். பத்து மடங்கு என்று தலைப்புச் செய்தி போடலாம். நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. அடுத்து 26 பள்ளிகளில் செய்தபோது, கோச் பிறகு போன் போட்டு விசாரிப்பதையும் கிளினிக்குக்குக் கூடவே போவதையும் சேர்த்தார்கள். அங்கே 12.2 சதவீதம், அமர்வு இல்லாத பள்ளிகளில் 4.6.

இப்போது எதிர்ப்பக்கம். கேப் டவுனை ஒட்டிய ஏழைக் குடியிருப்புகளில் இளைஞர்களுக்கு ஃபுட்பால் பயிற்சி, அதோடு தொழிற்பயிற்சி என்று பல மாதங்கள் நடத்தினார்கள். போதை, குடி, வன்முறை, எச்.ஐ.வி. எல்லாவற்றையும் ஒன்றாகக் குறைப்பது நோக்கம். சின்ன அளவில் செய்தபோது நம்பிக்கை தந்தது. 24 குடியிருப்புகளில் விரித்தபோது பலனில்லை என்று ஆய்வாளர்களே 2023-ல் தலைப்பிலேயே போட்டு எழுதினார்கள். அந்த நேர்மைக்கு ஒரு சல்யூட். என் கணிப்பு இது: புலவாயோவில் கேட்டது ஒரே ஒரு காரியம், ஒரு நாள் கிளினிக்குக்கு வா, நானும் வருகிறேன் என்று. கேப் டவுனில் கேட்டது வாழ்க்கையையே மாற்றிக்கொள் என்று. வேலையில்லாத ஊரில் பந்து அதையெல்லாம் சுமக்காது.

அமெரிக்காவின் வட கரோலினாவில் லத்தீன் அமெரிக்கத் தொழிலாளர்களின் ஃபுட்பால் லீக்கிலும் ஒரு முயற்சி நடந்தது. வெளியாளை அனுப்பாமல் ஒவ்வோர் அணியிலிருந்தும் ஒருவருக்கே பயிற்சி கொடுத்தார்கள். ஆட்டம் முடிந்து உட்கார்ந்திருக்கும்போது ஆணுறை கொடுப்பது, டெஸ்ட் எங்கே எடுக்கலாம் என்று சொல்வது எல்லாம் அந்தச் சக ஆட்டக்காரர் வேலை. ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தால், அந்த அணிகளில் ஆணுறையும் பரிசோதனையும் கூடியிருந்தன.

நட்சத்திர வீரர்கள் சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு டிவியில் பேசுவதை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. ஐ.சி.சி. 2003-லிருந்து யுஎன்எய்ட்ஸோடு சேர்ந்து அதையும் செய்திருக்கிறது. பேசக் கூச்சப்படும் விஷயத்தைப் பேச வைக்க அது உதவலாம். ஆனால் டெஸ்ட் எடுக்கப் போகும்போது கூட வருவது அணியில் இருக்கும் அண்ணன்தானே தவிர டெண்டுல்கர் இல்லை.

நம் ஊரில் டென்னிஸ் பால் டோர்னமெண்டில் செய்யலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். செய்யலாம். சுன்னத்தை அல்ல, பரிசோதனையைக் கேளுங்கள். இந்தியாவில் தொற்று பரவும் விதம் வேறு, இங்கே அந்த அறுவை சிகிச்சை அரசின் தடுப்புத் திட்டத்திலும் இல்லை. பேசுவதற்கு அணியில் எல்லோரும் மதிக்கிற ஒருவரைப் பிடியுங்கள், அவர் முதலில் தான் டெஸ்ட் எடுத்துவிட்டு வந்து பேசட்டும். இன்னொன்று, மேட்ச் நடப்பது ஞாயிற்றுக்கிழமை, நம்பிக்கை மையம் அன்று பூட்டியிருக்கும். திங்கட்கிழமை வா என்றால் ஒருத்தனும் வரமாட்டான். நடமாடும் பரிசோதனை வண்டியை மைதானத்துக்கே வரவழைக்க முடியுமா என்று மாவட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். வண்டியை அம்பயர் பக்கம் நிறுத்தாமல் கொஞ்சம் தள்ளி, மரத்தடியில் நிறுத்தச் சொல்லுங்கள். தனிப்பட்ட சந்தேகம் இருப்பவர்களுக்கு 1097 இருக்கிறது, இலவச எண்.