எடை குறைகிறது, எரிச்சல் ஏறுகிறது!

கேள்வி: வயது 34, எடை 70 கிலோ. மூன்று வாரமாக நாளுக்கு 1,100 கலோரிதான் சாப்பிடுகிறேன். தினமும் வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம் ஓடுகிறேன். மாலையானால் உடம்பு துவண்டுவிடுகிறது. எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன், சட்டென்று அழுகை வருகிறது. என்ன செய்வது?
- ஒரு வாசகி

பதில்: உங்கள் மனஉறுதியில் குறையே இல்லை, கணக்கில்தான் கோளாறு. சாப்பாட்டை ஒரேயடியாகக் குறைத்து ஓட்டத்தையும் கூட்டினால், தசையிலும் ஈரலிலும் சேமித்த கிளைகோஜன் என்ற சர்க்கரை இருப்பு வற்றிவிடும். ரத்தச் சர்க்கரை இறங்கும்போது உடல் அட்ரினலின், கார்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோன்களைச் சுரந்து ஈடுகட்டப் பார்க்கும். படபடப்பும் சிடுசிடுப்பும் பெரும்பாலும் அதனால்தான்.

உடல் செலவழிப்பதைவிட 300 முதல் 500 கலோரி குறைவாக உண்டால் போதும். உங்களுக்கு அது ஏறக்குறைய 1,600. மாவுச்சத்தை அறவே ஒதுக்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் புரதம் நாளுக்கு 85 கிராமாவது வேண்டும். அதை மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். ஓடுவதற்கு அரை மணி முன்பு ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்கள். ஓட்டம் வாரத்துக்கு மூன்று நாள், எடைப் பயிற்சி இரண்டு நாள், மீதி நாள் நடை அல்லது ஓய்வு. தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறைந்தால் மறுநாள் பசியும் கோபமும் கூடும். அன்று பயிற்சியைப் பாதியாக்குங்கள், தப்பில்லை.

இரண்டு வாரத்தில் தெளிவு வராவிட்டால் மருத்துவரிடம் சென்று ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), தைராய்டு, பி12 பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஓட்டப் பயிற்சி செய்யும் பெண்களுக்கு இரும்புச்சத்து குறைவது சகஜம். மாதவிடாய் தள்ளிப்போனாலோ மயக்கம் வந்தாலோ இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், உடனே போங்கள்.